நகல் தொடங்கும் இடம்

இருபத்தொன்பது வயதில் எனக்கு எப்போதும் தூக்கம் வந்துகொண்டே இருந்தது. விடியும் முன் எழுந்து சோறு வடித்து, திருத்தணியில் காலைப் பாசஞ்சரைப் பிடித்து, அரக்கோணத்தில் வண்டி மாறி, சென்ட்ரலில் இறங்கி, அங்கிருந்து பஸ் ஏறி ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி நாள் உழைத்த அலுப்பு வந்திருக்கும். சாயங்காலம் அதே வழி திரும்ப வேண்டும். இரண்டு முறை அசந்து தூங்கி, திருத்தணியை விட்டுவிட்டு நகரியில் கண்விழித்திருக்கிறேன். தெலுங்கு எழுத்தில் ஊர்ப்பெயர் தெரிந்ததும் அடித்துப் பிடித்து இறங்கி, பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து, திருத்தணி பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். வீட்டில் என் கணவர் சோறு ஆறிப்போயிற்று என்று மட்டும் சொன்னார். அவர் தாலுகா ஆபீசில் குமாஸ்தா. வீட்டிலிருந்து நடந்து போய் நடந்து வருகிறவர்.

எழுபதுகளின் கடைசி அது. நான் அந்தக் கூடத்தில் ஆராய்ச்சி உதவியாளர். என்ன வேலை என்று யாராவது கேட்டால் ரத்தப் பரிசோதனை என்று சொல்லி முடித்துவிடுவேன். உண்மையில் நாங்கள் தேடியது வேறு. மனித உடம்பில் ஒரு செல் இரண்டாகப் பிரிவதற்கு முன்னால், தன்னிடம் இருக்கும் டி.என்.ஏ. இழை முழுவதையும் ஒரு முறை நகலெடுத்துக்கொள்ள வேண்டும். அந்த நகலெடுப்பு எங்கே தொடங்குகிறது, எப்படித் தொடங்குகிறது என்பதுதான் கூடத்தை நடத்திய எங்கள் சாரின் கேள்வி. வெளிநாட்டில் ஒரு பாதி விடை கண்டுபிடித்திருந்தார்கள். ஒரு முனையில் ஆரம்பித்து மறுமுனை வரைக்கும் அது ஓடுவதில்லை. இழையின் நடுவே எத்தனையோ இடங்களில் ஆரம்பித்து, ஒவ்வோர் இடத்திலிருந்தும் இரண்டு பக்கமும் ஓடுகிறது. ஓடுகிறவை ஒன்றையொன்று எதிர்கொள்ளும் இடத்தில் ஒட்டிக்கொள்கின்றன. அந்த இடங்களில் எது முந்துகிறது, எது பிந்துகிறது, யார் சொல்லித் தொடங்குகிறது என்பதெல்லாம் அன்று யாருக்கும் தெரியாது.

சோதனைக்கு ரத்தம் வேண்டும். பெரும்பாலும் என் ரத்தம்தான். ரத்தத்தில் இருக்கும் ஒருவகை வெள்ளை அணுக்கள் சும்மாவே கிடக்கும், பிரியாது. அவற்றை எழுப்பச் சிவப்பு பீன்ஸ் கொட்டையை அரைத்து எடுத்த சாறு போதும். வெளிநாட்டுச் சாறு வந்து சேர மாதக்கணக்கில் ஆகும் என்பதால் சார் எங்களையே தயாரிக்கச் சொல்லிவிட்டார். நான் திருத்தணி மார்க்கெட்டில் விதைக்கடைக்காரரிடம் முற்றிக் காய்ந்த கொட்டையாகப் பொறுக்கி வாங்குவேன். “எத்தினி பேருக்குக் குழம்பு?” என்று அவர் கேட்பார். சாறு பட்ட அணுக்கள் ஒரு நாளைக்கு மேல் ஒன்றும் செய்யாமல் கிடக்கும். பிறகுதான் நகலெடுக்கத் தொடங்கும். அந்த நேரம் பார்த்துக் கதிரியக்கம் ஏற்றிய தைமிடின் என்னும் டி.என்.ஏ. மூலப்பொருளைக் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் கொடுப்பேன். புதிதாக உருவாகும் இழை அதை வாங்கித் தன்னில் சேர்த்துக்கொள்ளும். பிறகு செல்லை உடைத்து, இழையைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி, இருட்டறையில் போட்டோப் பசை பூசி, பெட்டியில் அடைத்துக் குளிரில் வைப்பேன். வைத்தால் நாலைந்து மாதம் தொடக்கூடாது. அந்த இழையே மெல்ல மெல்லத் தன் படத்தைப் பசையில் எழுதிக்கொள்ள வேண்டும்.

என் முதல் பெட்டி கெட்டுப்போனது. பசை பழசாகிவிட்டிருந்தது. நாலு மாதம் காத்துக் கழுவிப் பார்த்தால் தகடு முழுவதும் கரும்புகை. இரண்டாவது பெட்டிக்குப் புதுப் பசை வருவதற்குக் காத்திருந்த நாட்களில்தான் என் நாத்தனார் உண்டானாள்.

நாத்தனார் என்றால் என் கணவரின் ஒரே தங்கை. பொதட்டூர்பேட்டையில் கட்டிக்கொடுத்திருந்தது. அவள் வீட்டுக்காரர் வீட்டிலேயே தறி போட்டு லுங்கி நெய்கிறவர். அதிகம் பேசமாட்டார். என் கணவரை வாய் நிறையப் ‘பாவா’ என்பார், என்னை ‘அக்கா’ என்பார். மாமனார் மாமியார் போய்ச் சேர்ந்துவிட்டதால் அவளுக்குத் தாய்வீடு எங்கள் வீடுதான். கல்யாணமாகி நாலு வருஷம் அவளுக்குக் குழந்தை இல்லை. எனக்கும் இல்லை. இரண்டு பேருக்கும் ஒரே குறை என்றால் ஒட்டுறவு வரும் என்று நினைப்பார்கள். எங்களுக்கு அப்படி ஆகவில்லை. ஒரு பொங்கலுக்கு வந்திருந்தபோது அவள் அடுத்த வீட்டம்மாளிடம், “எங்க அண்ணி வயித்துல வளராதத மெட்ராஸ்ல போய்க் கண்ணாடியில தேடிகினு கீது” என்று சொன்னது என் காதில் விழுந்தது. ஏன் என்று கேட்கத் தெம்பு இல்லை.

அவள் உண்டான செய்தி வந்ததும் என் கணவர் மலைக்குப் போய்ப் படியேறிக் கும்பிட்டுவிட்டு வந்தார். மூன்று மாதம் ஆகும்போதே அவள் வயிறு ஐந்து மாதம் போல இருந்தது. இரட்டைப் பிள்ளை என்று பேசிக்கொண்டார்கள். ஓயாத வாந்தி. பிறகு ஒரு நாள் உதிரம் போக ஆரம்பித்து, எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து சேர்த்தார்கள். அன்றுதான் என் இரண்டாவது பெட்டியைக் குளிரில் வைத்திருந்தேன். வேலையிலிருந்து திரும்பி நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். நர்சம்மா என்னை ஓரமாகக் கூப்பிட்டு, “கொழந்த இல்லைங்க. முத்துப்பிள்ளை. எல்லாம் எடுத்தாச்சு” என்றார். கருவுக்குப் பதிலாகப் பொடிப்பொடியாக நீர்க்குமிழிகள், பச்சைத் திராட்சைக் குலை மாதிரி. குழந்தையே இல்லாமல், குழந்தையைச் சுற்றி வளர வேண்டிய சதை மட்டும் வளர்ந்துகொண்டே போவது அது. திரும்பத் திரும்ப நகலெடுக்கிறது, வேறொன்றும் செய்வதில்லை.

டாக்டரம்மா ஒரு வருஷத்துக்கு அடுத்த பிள்ளை கூடாது, மாதாமாதம் வந்து சிறுநீர் பரிசோதிக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். இவர்கள் ஒரு மாதம் வந்தார்கள், அடுத்த மாதம் வரவில்லை. அதற்கடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாத்தனாரின் வீட்டுக்காரர் எங்கள் வாசலில் வந்து நின்றார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கையில் பரிசோதனைச் சீட்டு.

“அக்கா, இருக்குதாம். டெஸ்டுல வந்துடுச்சு. டாக்டரம்மா உங்களப் பாக்கணும்னு சொன்னாங்க. இன்னாத்துக்குன்னு தெரியல.”

“அவளுக்கு உடம்பு எப்படி இருக்குது?”

“கொஞ்சம் உதிரம் படுது. இருமல்தான் விடமாட்டேங்குது. இருமும்போது லேசா ரத்தம் வருது. அது சூட்டுக்குங்க்கா.”

சீட்டை வாங்கிப் பார்த்தேன். சிறுநீரில் எத்தனை மடங்கு தண்ணீர் கலந்தும் கர்ப்பம் என்றே காட்டியிருந்தது. சாதாரணக் கர்ப்பத்தில் அவ்வளவு இருக்காது. நான் உட்கார்ந்துவிட்டேன். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இதைச் சொல்ல வேண்டியிருந்தது.

“இது புள்ள இல்லீங்க. போன தடவை எடுத்தாங்களே, அதுல கொஞ்சம் உள்ள தங்கிப்போயி வளந்துகினு இருக்குது. அதுவும் புள்ளத்தாச்சி உடம்புல ஊர்ற அதே சத்தைத்தான் ரத்தத்துல விடும். அதனால டெஸ்டு புள்ளன்னு காட்டுது.”

“அப்ப டெஸ்டு பொய்யா?”

“டெஸ்டு பொய் இல்லைங்க.”

அவர் சீட்டைத் திரும்ப வாங்கி நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். “அவகிட்ட நீங்களே சொல்லிடுங்கக்கா” என்றார்.

அவளிடம் நான்தான் சொன்னேன். சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் மார்பை எக்ஸ்ரே எடுத்தார்கள். நுரையீரலில் கொட்டைப்பாக்கு அளவில் வெள்ளை வெள்ளையாக நாலைந்து வட்டங்கள். புற்றாக மாறி அங்கே போய்விட்டிருந்தது. அங்கிருந்த பெரிய டாக்டர் என்னிடம், “இது பரவினாலும் மருந்துக்குக் கேட்கிற புற்று. நம்பிக்கையாக இருங்கள்” என்றார். என்ன மருந்து என்று கேட்டேன். மெத்தோட்ரெக்சேட் என்றார்.

எனக்கு அந்தப் பெயர் தெரியும். எங்கள் கூடத்துக் குளிர்பெட்டியில் அது இருந்தது. மஞ்சள் நிறத் திரவம். டி.என்.ஏ.வை நகலெடுக்கத் தேவையான தைமிடின் செல்லுக்குக் கிடைக்காமல் அது செய்துவிடும். நகலெடுக்கத் தொடங்குகிற இடத்திலேயே செல்கள் எல்லாம் வந்து தேங்கி நிற்கும். பிறகு நாங்கள் தைமிடினைக் கொடுத்தால் எல்லாம் ஒரே சமயத்தில் புறப்படும். முதலில் எந்த இடம் தொடங்குகிறது என்று பார்க்க சார் கண்டுவைத்திருந்த வழி அதுதான். ஆஸ்பத்திரியில் அவளுக்குத் தைமிடின் கொடுக்கப் போவதில்லை. நிற்கிற செல் நின்றபடியே சாக வேண்டும். வளர்கிற வேகத்தில் இருப்பதுதான் முதலில் சாகும் என்பது கணக்கு. வாயின் தோலும் குடலும் எலும்பு மஜ்ஜையும்கூட வேகமாக வளர்கிறவைதான். அவையும் அடிவாங்கும்.

தொடர்ந்து ஐந்து நாள் ஊசி. பிறகு ஒரு வாரமோ பத்து நாளோ இடைவெளி. திரும்ப ஐந்து நாள். முதல் இரண்டு சுற்றுக்கு அவளைப் படுக்கையில் சேர்த்தார்கள். இரண்டாம் சுற்றில் பக்கத்துப் படுக்கையில் இருந்த பெண் இறந்துபோனாள். அதற்குப் பிறகு அங்கே தங்கமாட்டேன் என்று நாத்தனார் ஒரே பிடியாக நின்றாள். டாக்டர் கோபப்பட்டார். கடைசியில், தினமும் ரத்தம் பார்த்த பிறகுதான் ஊசி, காய்ச்சல் வந்தால் உடனே சேர்க்க வேண்டும் என்று சொல்லிச் சம்மதித்தார்.

யார் அழைத்துக்கொண்டு போவது? அவள் வீட்டுக்காரர் தறியை விட்டால் வீடு நடக்காது. என் கணவர் தன் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்து செத்ததைப் பார்த்ததிலிருந்து ஆஸ்பத்திரி வாடையே ஆகாதவர். ராத்திரி சாப்பாட்டில் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்: “நீ எப்படியும் போற வழிதானே.”

போகிற வழிதான். எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. தட்டைக் கழுவிவிட்டுப் படுத்தேன்.

அப்படி அவள் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். வாரம் ஒரு தடவை ஒரு நாள் முழுவதும் பிடித்த சிறுநீரையும் கொண்டுபோக வேண்டும். வெள்ளை பிளாஸ்டிக் கேனில் பிடித்து, துணிப்பையில் வைத்து, காலைப் பாசஞ்சரில் என் மடியில் வைத்துக்கொண்டு உட்காருவேன். பால் கேன் என்று நினைத்து ஒரு அம்மாள், “நெதமும் மெட்ராஸுக்கா பால் எடுத்துகினு போறீங்க?” என்று கேட்டாள். நாத்தனார் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. எட்டிப் பார்த்தால் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

அவளுக்கு முடி கொத்துக்கொத்தாக வந்தது. ஒரு நாள் காலையில் தலையணையைப் பார்த்துவிட்டு, மலைக்குக் கூட்டிப்போகச் சொன்னாள். படியேற அவளால் முடியாது. பஸ்ஸில் மேலே போய் மொட்டை போட்டுக்கொண்டு சந்தனம் தடவி இறங்கி வந்தாள். எங்கள் ஊரில் மொட்டைத் தலையை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் ரயில் பெட்டி முழுக்கக் காவடியும் மொட்டையுமாக இருந்தபோது, அதில் இவள் ஒருத்திதான் ஆஸ்பத்திரிக்குப் போகிற மொட்டை. “வேண்டுதல் நல்லபடியா முடிஞ்சிதா?” என்று ஒருவர் கேட்டார். “ஆங், முடிஞ்சிடும்” என்றாள் அவள்.

ஆனால் எங்களுக்குள் பேச்சு என்று ஒன்றும் வளரவில்லை. காலையில் அவளை ஆஸ்பத்திரியில் உட்காரவைத்துவிட்டு நான் கூடத்துக்கு ஓடுவேன். பகல் ஒரு மணிக்குத் திரும்பி வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போய்க் கூடத்தின் நடையில் ஒரு பெஞ்சில் படுக்கவைப்பேன். சாயங்காலம் சேர்ந்து கிளம்புவோம். ஒரு மணிக்கு நான் வரவேண்டும் என்பது மட்டும்தான் அவள் என்னிடம் எதிர்பார்த்தது.

மூன்றாம் சுற்றின் நாலாம் நாள் என் இரண்டாவது பெட்டியைத் திறக்கிற நாளாக அமைந்தது. முதல் பெட்டி போனதிலிருந்து சார் என்னிடம் அளந்துதான் பேசுவார். அன்று காலை இருட்டறைக்குள் போய்த் தகடுகளைக் கழுவினேன். உலரவைத்து மைக்ரோஸ்கோப்பில் ஒன்றை வைத்துப் பார்த்தேன். முதலில் ஒன்றும் இல்லை. தகட்டை மெல்ல நகர்த்தினேன். பிறகு ஒரு கறுப்புக் கோடு, கொஞ்சம் இடைவெளி, திரும்ப ஒரு கோடு, இடைவெளி, திரும்பக் கோடு. எல்லாம் ஒரே நேர்வரிசையில், ஓட்டுத்தையல் மாதிரி. சில கோடுகளில் பசையின் கறுப்பு மணிகள் நடுவில் அடர்த்தியாக இருந்து இரண்டு பக்கமும் போகப்போக மங்கின. கதிரியக்கத்தை முதலில் தாராளமாகக் கொடுத்துப் பிறகு குறைத்திருந்தோம். நடுவில் அடர்த்தி என்றால் அங்கேதான் தொடங்கியிருக்கிறது, அங்கிருந்து இரண்டு பக்கமும் ஓடியிருக்கிறது. புத்தகத்தில் படித்ததுதான். ஆனால் இது என் ரத்தம். நான் காத்திருந்த நாலு மாதம்.

சார் வந்து பார்த்தார். வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. “அளந்துகொண்டே போ” என்றார். நான் ஒவ்வொரு நடுப்புள்ளிக்கும் அடுத்த நடுப்புள்ளிக்கும் உள்ள தூரத்தை அளந்து எழுதிக்கொண்டே போனேன். சாப்பிடவில்லை. பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் எனக்குத் தூக்கம் வரவில்லை. கூட்டுகிற அம்மா விளக்கைப் போட்டபோது நிமிர்ந்தேன். மணி ஐந்தரை ஆகியிருந்தது.

ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வெளிநோயாளிப் பிரிவைப் பூட்டிவிட்டார்கள். நாத்தனார் வெளியே படியில், புடவைத் தலைப்பால் மொட்டைத் தலையை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் காலிக் கேன். காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. வாயெல்லாம் புண், தண்ணீர்கூட எரியும். கையில் காசும் இல்லை, வழியும் தெரியாது. ஐந்து மணி நேரம் அங்கேயே இருந்திருக்கிறாள்.

“மறந்துட்டேன்” என்றேன்.

அவள் எழுந்தாள், கேனை எடுத்துக்கொண்டாள், நடந்தாள். ரயிலில் அரக்கோணம் தாண்டும்வரை சன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். நான் எத்தனையோ காரணங்களை மனதுக்குள் அடுக்கினேன். எனக்கும் உடம்பு முடியவில்லை, நானும் மனுஷிதான், உன் அண்ணன் என்ன செய்கிறார், உன் வீட்டுக்காரர் என்ன செய்கிறார். எல்லாம் நியாயம்தான். ஆனால் எனக்குத் தெரியும், அவளை நான் மறந்தது அசதியில் இல்லை, சந்தோஷத்தில். அதைத்தான் அவளிடம் சொல்ல முடியவில்லை.

அரக்கோணம் தாண்டிய பிறகு அவளே கேட்டாள். புண்ணால் வாய் குழறியது.

“இன்னா பாத்துகினு இருந்தீங்க அண்ணி?”

சொன்னேன்.

“நாளைக்கு எனக்கும் அத காட்டுங்க.”

மறுநாள் அந்தச் சுற்றின் கடைசி ஊசி முடிந்ததும், ஒரு மணிக்கு முன்னாலேயே போய் அவளை அழைத்துவந்தேன். மைக்ரோஸ்கோப் முன் முக்காலியில் உட்காரவைத்தேன். முதலில் தன் இமை மயிர்தான் தெரிகிறது என்றாள். அதிலும் பாதி உதிர்ந்துவிட்டிருந்தது. பிறகு அசையாமல் பார்த்தாள்.

“கோடு கோடா கீது.”

“ஆங். ஒவ்வொரு கோடும் புதுசா நகலெடுத்த துண்டு. நடுவுல கறுப்பா இருக்குது பாரு, அங்கதான் ஆரம்பம்.”

“ஒரு முனையிலருந்து ஆரம்பிக்கிறதில்லியா?”

“இல்ல. ரொம்ப நீளம். ஒரு முனையிலருந்து போனா முடிக்கவே முடியாது. அதனால நெறைய எடத்துல ஒண்ணா ஆரம்பிக்குது.”

“யாரு ரத்தம்?”

“என்னுது.”

அவள் கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள். பிறகு திரும்பவும் குனிந்தாள். “என் வயித்துல வந்ததும் இப்படித்தான் ஆரம்பிச்சுதா?”

“இப்படித்தான். ஆரம்பத்துல ஒரு வித்தியாசமும் தெரியாது. நல்ல செல்லுக்கு ஒரு தடவை நகலெடுத்தா நிறுத்தணும், அப்புறம் சொன்னாத்தான் எடுக்கணும்னு தெரியும். அதுக்கு அது தெரியல.”

“இந்த மஞ்ச ஊசி அத நிறுத்துதா?”

“ஆரம்பிக்கிற எடத்துலயே நிறுத்திப் போடுது. அதனாலதான் உன் வாயும் முடியும் சேந்து போவுது.”

அவள் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “உங்கள ஒரு வார்த்த சொல்லிட்டேன் அண்ணி, பொங்கலுக்கு வந்தப்ப. கண்ணாடியில தேடுறீங்கன்னு” என்றாள்.

“கேட்டுது.”

“கேட்டுதுன்னு எனக்கும் தெரியும்.”

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அன்றிலிருந்து ரயிலில் அவள் என் டிபன் பாக்ஸைத் திறந்து, தான் சாப்பிட முடியாவிட்டாலும், எனக்கு எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தாள்.

நாலாம் சுற்றின் இரண்டாம் நாள் ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை என்றார்கள். சரக்கு வரவில்லை, எப்போது வரும் என்று தெரியாது, வெளியில் கிடைத்தால் வாங்கி வாருங்கள். மூன்று மருந்துக்கடை ஏறி இறங்கினேன். எங்கும் இல்லை. நடுவில் விட்டால் புற்று தேறிக்கொண்டுவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எங்கள் குளிர்பெட்டியில் இருந்த குப்பிகள் மருந்துக்கடையிலிருந்து வாங்கியவை, மனிதர்களுக்குப் போடுகிற அதே ஊசி மருந்து. இரண்டு நாளில் செல்களை நிறுத்திவைத்துச் செய்ய வேண்டிய பெரிய சோதனைக்காகச் சார் பொத்திப் பொத்தி வைத்திருந்தார். அதற்கான ரத்தத்தை நான் முந்தின நாள்தான் என் கையிலிருந்து எடுத்து வளர்க்க வைத்திருந்தேன்.

சார் அறை வாசலில் நின்று சொன்னேன். அவர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தவில்லை.

“எத்தனை குப்பி?”

“இந்தச் சுற்றுக்கு நாலு நாள் பாக்கி சார். அடுத்ததுக்கும் கிடைக்குமான்னு தெரியல.”

“உன் வேலை எவ்வளவு தள்ளிப்போகும் தெரியுமா? திரும்ப மருந்து வாங்கி, திரும்ப வளர்த்து, திரும்ப நாலைந்து மாதம் இருட்டில் வைத்து.”

“தெரியும் சார்.”

“இதையே வெளிநாட்டில் இரண்டு இடத்தில் செய்துகொண்டிருக்கிறார்கள்.”

“தெரியும் சார்.”

அவர் எழுந்து வந்து குளிர்பெட்டியைத் திறந்து, இருந்த குப்பிகள் எல்லாவற்றையும் பனிக்கட்டி போட்ட ஒரு பிளாஸ்கில் வைத்துக் கொடுத்தார். “டாக்டரிடம் காட்டிவிட்டுப் போடச் சொல்” என்றார். அவர் முகத்தில் எனக்காக வருத்தமும் இல்லை, கருணையும் இல்லை. அலுப்புதான் இருந்தது. நான் வளர்க்க வைத்திருந்த செல்களை அன்று சாயங்காலம் ஊற்றிக் கழுவிவிட்டேன்.

ஐந்தாம் சுற்றுக்குப் பிறகு எக்ஸ்ரேயில் வட்டங்கள் சுருங்கின. ஆறாவதுக்குப் பிறகு இல்லை. சிறுநீரில் கர்ப்பம் காட்டுவது நின்றது. பாதுகாப்புக்காக இன்னும் ஒரு சுற்றுப் போட்டார்கள். அதற்குள் அவளுக்கு முடி அரை விரல் உயரம் வளர ஆரம்பித்திருந்தது. அவள் வீட்டுக்காரர் வந்து அழைத்துக்கொண்டு போனார். போகும்போது எனக்குத் தன் தறியில் நெய்த நாலு லுங்கி கொடுத்தார். பெண் பிள்ளைக்கு லுங்கி கொடுக்கிறோமே என்று பிறகுதான் உறைத்து, “பாவாவுக்குங்கக்கா” என்றார்.

என் சோதனை அதற்குப் பிறகு ஒழுங்காக நடக்கவில்லை. மருந்து வந்து சேர மாதங்கள் ஆயின. இடையில் கூடத்துக்கு வருகிற உதவித்தொகை முடிந்தது. நாங்கள் செய்ய நினைத்ததைச் செய்து முடித்து வெளிநாட்டில் ஒரு கட்டுரை வந்துவிட்டது. சார் அதன் பிரதியை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். படித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் செய்திருந்தார்கள். எங்கள் தகடுகளை வைத்து ஒரு சிறு கட்டுரை இங்கே ஒரு பத்திரிகையில் வந்தது. கடைசி வரியில் எனக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் அந்த வேலையை விட்டு அரக்கோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன். எனக்குக் குழந்தை பிறக்கவில்லை. அதைப் பற்றி நானும் என் கணவரும் பேசுவதையும் எப்போதோ நிறுத்திவிட்டோம்.

பிள்ளை கூடாது என்று டாக்டர்கள் சொன்ன கெடு முடிந்து இன்னும் ஒரு வருஷம் ஆன பிறகு, நாத்தனாரும் அவள் வீட்டுக்காரரும் ஒரு சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அவர் முன்பு போலவே ஒரு சீட்டை நீட்டினார். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. டெஸ்டில் கர்ப்பம் என்று வந்திருந்தது. நாங்கள் நாலு பேரும் அந்தச் சீட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். நல்ல சேதி என்று சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை.

“எதுன்னு எப்படித் தெரியும் அண்ணி?” என்றாள்.

“இப்பத் தெரியாது. இன்னும் கொஞ்ச நாள் போவட்டும்.”

சென்னை டாக்டர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரச்சொன்னார். சிறுநீரில் அந்தச் சத்தின் அளவு பார்த்தார்கள். ஏறியது, ஆனால் கண்மண் தெரியாமல் ஏறவில்லை. நான் லீவு போட்டுக் கூடப் போனேன். ஐந்தாம் மாதம் டாக்டர் அவள் வயிற்றில் ஒரு சிறு குழலை வைத்துத் தன் காதை அதில் பொருத்தினார். இடம் மாற்றி வைத்தார். திரும்ப மாற்றினார். நாத்தனார் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள், நகம் பதிந்தது. டாக்டர் ஓர் இடத்தில் நின்றார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உதடு அசைய எண்ணினார். பிறகு என்னைக் கூப்பிட்டு, “நீங்களும் கேளுங்கள்” என்றார்.

குனிந்து காதை வைத்தேன். முதலில் என் காதின் இரைச்சல்தான். பிறகு எங்கோ தூரத்தில், மிக வேகமாக, விடாமல், ஒரு துடிப்பு.

“இன்னா அண்ணி?” என்றாள் அவள்.

“இருக்குது” என்றேன்.

வெளியே பெஞ்சில் அவள் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். போய்ச் சொன்னேன். அவர் எழுந்து நின்று, திரும்ப உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அடுத்த வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டார். தறியில் ஏற்றிய பாவு நூல் பாதி நெய்தபடி நிற்கிறதாம்.